14 வருஷம், 2,130 ஆட்டம், ஒரு நாள்கூட லீவு இல்லை: லூ கெரிக்கை நிறுத்திய ஏ.எல்.எஸ் நோய் - அறிகுறிகள் என்ன, சிகிச்சை உண்டா?

1939 மே 2. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேப்டன், அன்றைய ஆட்டத்தில் யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியலை நடுவரிடம் கொடுக்க மெதுவாக நடந்து போனார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கிட்டத்தட்ட 14 வருஷத்தில் இதுதான் முதல் முறை.

அன்று காலை ஹோட்டலில் மேனேஜர் ஜோ மெக்கார்த்தியைச் சந்தித்து, என்னை உட்கார வைத்துவிடுங்கள் என்று கேட்டது அவரேதான். யாரும் அவரை நீக்கவில்லை. மைதானத்தில் அறிவிப்பு வந்ததும் எதிரணி ஊர் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு வீரர்கள் அமரும் இடத்துக்குத் திரும்பினார். யாங்கீஸ் அன்று 22-2 என்று ஜெயித்தது. அவர் மறுபடி எந்தப் போட்டி ஆட்டத்திலும் ஆடவே இல்லை.

அவர் பெயர் லூ கெரிக். வயது 35. உடம்புக்கு என்ன என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, டீமுக்கும் தெரியாது. இன்று அமெரிக்காவில் பலர் அந்த நோயை அவர் பெயரிலேயே, லூ கெரிக் நோய் என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவப் பெயர் அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்க்ளிரோசிஸ். சுருக்கமாக ஏ.எல்.எஸ். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான்.

யார் இந்த லூ கெரிக்?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1903 ஜூன் 19 அன்று பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். பிறந்த நான்கு குழந்தைகளில் பெரியவனாகும் வரை உயிரோடு இருந்தது லூ மட்டும்தான். அப்பா உலோகத் தகடு வேலை செய்பவர். அடிக்கடி வேலை இருக்காது. வீட்டுச் செலவை இழுத்தது அம்மா கிறிஸ்டினா. சமையல், துணி வெளுப்பது, வீடு துடைப்பது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

மகன் இன்ஜினீயர் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நம்ம ஊர் அம்மாக்கள் மாதிரியேதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் லூ. அங்கே மாணவர் விடுதி ஒன்றில் அம்மாதான் சமையல்காரர். ஆனால் பையனின் பேட்டிலிருந்து பறந்த பந்துகள் வேறு ஒரு எதிர்காலத்தைக் காட்டின. 1923-ல் யாங்கீஸ் அணி 1,500 டாலர் போனஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. வீட்டில் பணக் கஷ்டம். படிப்பு பாதியில் நின்றது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி அங்கே ஹோம் ரன். கெரிக் அடித்தது 493. பேட்டிங் சராசரி .340, அதாவது கணக்கில் வரும் ஒவ்வொரு 100 முயற்சியிலும் 34 முறை வெற்றிகரமாக அடித்திருக்கிறார். .300 இருந்தாலே அங்கே பெரிய ஆள். 6 முறை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணியில் இருந்தார். ஆனாலும் வெளிச்சம் முழுக்க சக வீரர் பேப் ரூத் மேல்தான். ரூத் மூன்றாவது பேட்ஸ்மேன், சட்டை எண் 3. அடுத்து வருபவர் கெரிக், எண் 4. 1932-ல் ஒரே ஆட்டத்தில் 4 ஹோம் ரன் அடித்தார். அன்றைக்குப் பார்த்து இன்னொரு பெரிய மேனேஜர் ஓய்வை அறிவிக்க, பேப்பரில் தலைப்புச் செய்தி அவருக்குப் போய்விட்டது.

உடம்பு முடியாவிட்டாலும் ஆடும் மனுஷன்

கெரிக்கின் பெருமை அவர் அடித்த ரன்களோடு முடியவில்லை. 1925 ஜூன் 1-ல் தொடங்கி 1939 ஏப்ரல் 30 வரை அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் இறங்கினார். தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள். அந்தச் சாதனையை முறியடிக்க 56 வருஷம் ஆனது. 1995-ல் கால் ரிப்கன் தாண்டினார். கெரிக்குக்கு இரும்புக் குதிரை என்று பட்டப்பெயரே இருந்தது.

1934-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் பந்து தலையில் பட்டு மயங்கி விழுந்தார். மறுநாள் ஆடினார். அதே வருஷம் இடுப்பு வலியால் நிமிர முடியாத நாளில், முதல் ஆளாக இறங்கி ஒரு அடி அடித்துவிட்டு வெளியேறினார். தொடர் அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பின்னாளில் கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 17 எலும்பு முறிவுகள் தாமாகவே ஆறிப்போன தடம் தெரிந்தது.

வலியைக் கண்டுகொள்ளாமல் வேலைக்குப் போவதுதான் அவர் குணம். நோய் வந்தபோது அதை மறைத்துக்கொண்டிருந்ததும் அதே குணம்தான்.

எண்கள் சொன்ன முதல் சேதி

1938 ஜனவரியில் கெரிக் ஒரு கௌபாய் படத்தில் நடித்தார். பல வருடங்களுக்குப் பிறகு நரம்பியல் ஆய்வாளர்கள் அந்தப் படத்தைக் காட்சி காட்சியாகப் போட்டுப் பார்த்தார்கள். நடை, கை அசைவு எதிலும் பலவீனம் தெரியவில்லை என்று 2007-ல் எழுதினார்கள். அதாவது நோய் வெளியே தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்த சீசனின் பாதியிலேயே சோர்வு தட்டியது. முந்தைய ஆண்டு .351 இருந்த சராசரி .295 ஆனது. ஹோம் ரன் 37-லிருந்து 29. சாதாரண வீரனுக்கு இது நல்ல சீசன், கெரிக்குக்குச் சரிவு. அந்த வருட வேர்ல்ட் சீரிஸில் அவர் அடித்தது 4 அடிகள். நான்குமே பக்கத்தில் விழுந்த ஒற்றை அடிகள். பந்து பேட்டில் படுகிறது, ஆனால் பறக்கவில்லை.

வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். பித்தப்பைக் கோளாறு என்று சொல்லி காரமில்லாத சாப்பாடு கொடுத்தார் ஒரு டாக்டர். நடைபாதை ஓரத்தில் கால் தடுக்குவதைக் கவனித்த மனைவி எலினார், மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்தார்.

1939 தொடக்கப் பயிற்சியில் நிலைமை மோசம். உடை மாற்றும் அறையில் நின்றபடி பேன்ட் போடும்போது விழுந்தார். சீசன் தொடங்கி 8 ஆட்டங்களில் 28 முயற்சிக்கு 4 அடிகள்தான். ஏப்ரல் 30 அன்று ஒரு சாதாரண பந்தைப் பிடித்து முடித்ததற்கு சக வீரர்கள் ஓடிவந்து பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் அவருக்கு உறைத்தது. இதைச் செய்ததற்கே கைதட்டுகிறார்கள் என்றால், தன் நிலைமை எந்த அளவுக்குப் போய்விட்டது என்று புரிந்துபோனது. அடுத்த ஆட்டம்தான் டெட்ராய்ட்.

பிறந்தநாளில் வந்த ரிசல்ட்

ஜூன் 13 அன்று மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்குக்குப் போனார் கெரிக். அவரை முதலில் பார்த்த டாக்டர் ஹெரால்ட் ஹபைனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. கையில் தசை மெலிந்திருந்த விதம், நடக்கும்போது கால் இழுத்த விதம் - தன் சொந்த அம்மாவிடம் அவர் பார்த்த அதே அறிகுறிகள். அவர் அம்மா இறந்தது ஏ.எல்.எஸ் நோயால்தான்.

ஆனாலும் 6 நாள் பரிசோதனை நடந்தது. ஜூன் 19-ல் முடிவு உறுதியானது. அன்று கெரிக்கின் 36-வது பிறந்தநாள்.

ஏ.எல்.எஸ் என்றால் என்ன?

கையைத் தூக்க வேண்டும் என்று மூளை நினைத்ததும் அந்த உத்தரவு இரண்டு கட்டமாகப் பயணிக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒரு நரம்பு செல். தண்டுவடத்திலிருந்து தசை வரை இன்னொன்று. இவைதான் மோட்டார் நியூரான்கள், அதாவது இயக்க நரம்பு செல்கள். வீட்டு மின்சாரம் மாதிரி யோசித்தால், தெருக் கம்பத்திலிருந்து மீட்டர் வரை ஒரு வயர், மீட்டரிலிருந்து ஃபேன் வரை ஒரு வயர்.

ஏ.எல்.எஸ்-ல் இந்த இரண்டு வயரும் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, கரன்ட் வரவில்லை. வேலையில்லாத தசை மெலிந்து சுருங்குகிறது. நோயின் பெயரிலேயே இது இருக்கிறது. கிரேக்கத்தில் அமையோட்ரோபிக் என்றால் தசைக்கு ஊட்டம் இல்லை என்று அர்த்தம். லேட்டரல் என்பது தண்டுவடத்தின் பக்கவாட்டுப் பகுதி. ஸ்க்ளிரோசிஸ் என்பது நரம்பு செத்த இடம் தழும்பாகக் கெட்டிப்படுவது. 1869-ல் இதைத் தெளிவாக விவரித்தவர் பிரான்ஸின் நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ.

ஏன் வருகிறது? 100 நோயாளிகளில் சுமார் 5 முதல் 10 பேருக்குக் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் தொடர்பு 1993-ல் தெரிந்தது. மற்ற பெரும்பாலானவர்களுக்குத் திட்டவட்டமான ஒரே காரணம் என்று எதுவும் பிடிபடவில்லை. இது தொற்றுநோய் அல்ல. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருகிறது என்றாலும், கெரிக் மாதிரி முப்பதுகளிலும் வரலாம். ஹாக்கிங்குக்கு நோய் உறுதியானபோது வயது 21.

விளையாட்டில் தலையில் அடிபடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சி தொடர்கிறது. 2010-ல் வந்த ஓர் ஆய்வையடுத்து, கெரிக்குக்கு வந்ததே தலைக்காயம் சார்ந்த வேறு நோயாக இருக்குமோ என்ற கேள்விகூடக் கிளம்பியது. அவர் உடல் தகனம் செய்யப்பட்டதால் இனி சரிபார்க்க வழியில்லை.

என்னென்ன அறிகுறிகள்?

நோய் பொதுவாக ஓர் இடத்தில், சத்தமில்லாமல், வலியில்லாமல் ஆரம்பிக்கும். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு கை அல்லது காலில் தொடங்குகிறது.

கை: சட்டைப் பட்டன் போட, சாவியைத் திருப்ப, பேனா பிடிக்க முடியாமல் போவது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழிந்துபோவது.

கால்: பாதம் தூக்க முடியாமல் தரையில் தேய்வது, அடிக்கடி தடுக்குவது, மாடிப்படி ஏறச் சிரமம். எலினார் நடைபாதையில் கவனித்தது இதைத்தான்.

பேச்சும் விழுங்குதலும்: கால்வாசி நோயாளிகளுக்கு இங்கேதான் ஆரம்பம். குடித்தவர் மாதிரி நாக்கு குழறும். தண்ணீர் குடித்தால் புரை ஏறும். எச்சில் வாயில் தேங்கும்.

தசை: தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் துடிப்பு, தசைப்பிடிப்பு, விறைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது.

உணர்ச்சி: சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாமல் சிரிப்போ அழுகையோ பொத்துக்கொண்டு வரும். மனசுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இதுவும் நரம்பின் கோளாறுதான்.

மூச்சு: நோய் முற்றும்போது மூச்சை இழுக்கும் தசைகள் தளர்கின்றன. படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் தலைவலி, பகலில் தூக்கம் ஆகியவை அதன் ஆரம்ப அடையாளங்கள்.

தொடு உணர்வு, பார்வை, காது, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கண் அசைவு கடைசி வரை இருக்கும். பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். ஒரு பகுதியினருக்கு மட்டும் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றம் வரலாம்.

ராத்திரி 12 மணிக்கு இதைப் படித்துவிட்டுக் கண் இமை துடிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலவீனம் இல்லாத வெறும் துடிப்பு பெரும்பாலும் தூக்கமின்மை, டென்ஷன், அதிக காபி போன்றவற்றால் வருவது. ஒரு கையோ காலோ வாரக்கணக்கில் பலம் குறைந்துகொண்டே போகிறது, பேச்சு குழறுவது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால்தான் நரம்பியல் மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஏ.எல்.எஸ்-க்கு என்று ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. நரம்பியல் மருத்துவர் உடலைப் பரிசோதிப்பதுதான் அடிப்படை. ஒரே கை மெலிந்தும் இருக்கிறது, சுத்தியலால் தட்டினால் துள்ளவும் செய்கிறது என்றால் இரண்டு வயரும் பழுது என்று சந்தேகம் வரும். இ.எம்.ஜி என்ற பரிசோதனையில் தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து மின் அதிர்வைப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முக்கியமாக வேறு நோய்களை விலக்கத்தான்.

இது சம்பிரதாயம் அல்ல. கழுத்து எலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை அழுத்துவது, சில வகை நரம்பு அழற்சி, தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு ஆகியவை ஏ.எல்.எஸ் மாதிரி வேஷம் போடும். அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே ஒன்று இருக்கிறது. சென்னை மருத்துவர்கள் 1970-ல் இளம் வயதினரிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். காது கேளாமையும் சேர்ந்து வரும், ஏ.எல்.எஸ்-ஐ விட மெதுவாக நகரும். எனவே பெயரைக் கேட்டதும் இடிந்துபோகாமல், இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

அவரிடம் சொல்லப்படாத பாதி உண்மை

மேயோவில் முடிவு தெரிந்ததும் எலினார் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். கணவரிடம் முழுசாகச் சொல்ல வேண்டாம். நம் குடும்பங்களில் இன்றும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற அதே வேண்டுகோள்தான். வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது, பல வருஷம் கழித்து கைத்தடி தேவைப்படலாம் என்ற அளவில்தான் கெரிக்குக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் இந்த நோய் தெரிந்த பலரும் 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறக்கிறார்கள். சுமார் 10 சதவீதம் பேர்தான் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்.

டாக்டருக்குக் கடிதம் எழுதி, உடம்பில் தெரியும் ஒவ்வொரு மாற்றத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார் கெரிக். வைட்டமின் ஊசிகளைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மருத்துவத்தின் கையில் இருந்ததே அவ்வளவுதான். அன்போடு மறைத்த விஷயம்தான். ஆனால் இன்று இந்த நோய்க்கான பராமரிப்பே நோயாளியின் முடிவுகளை வைத்துத்தான் நடக்கிறது. எப்போது உணவுக் குழாய், மூச்சு இயந்திரம் வேண்டுமா வேண்டாமா, குரலைப் பதிவு செய்துவைப்பதா என்பதையெல்லாம் அவரே பேசத் தெம்பு இருக்கும்போதே சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

1939 ஜூலை 4. யாங்கீ ஸ்டேடியத்தில் 61,808 பேர் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கெரிக்குக்குப் பாராட்டு விழா. அவரது 4-ம் எண் சட்டை இனி யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். அந்த நாட்டின் பெரிய பேஸ்பால் அணிகளில் ஓர் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது அதுதான் முதல் முறை. சக வீரர்கள் கொடுத்த கோப்பையை வாங்கியவர், கையில் பிடித்திருக்க முடியாமல் தரையில் வைத்தார். பிறகு மைக் முன்னால் நின்று, அப்பா அம்மாவிலிருந்து மைதானப் பணியாளர்கள் வரை எல்லோருக்கும் நன்றி சொன்னார். தனக்கு வந்த கஷ்டத்தைவிடக் கிடைத்த நல்லது பெரிசு என்பதுதான் பேச்சின் சாரம். நோயின் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

போலியோ என்று கிளம்பிய வதந்தி

மேயோவின் அறிக்கை, இந்த நோயைப் பாமரர்களுக்குப் புரியும்படி ஒரு வகை நாள்பட்ட போலியோ என்று விளக்கியிருந்தது. எளிமையாகச் சொல்லப்போய் வம்பாகிவிட்டது. போலியோ தொற்றுநோய். ஏ.எல்.எஸ் அப்படி இல்லை.

1940 கோடையில் யாங்கீஸ் வரிசையாகத் தோற்றபோது, நியூயார்க் நாளிதழ் ஒன்றில் கெரிக்கிடமிருந்து போலியோ கிருமி அணியினருக்குப் பரவியிருக்குமோ என்று எழுதிவிட்டார்கள். வருஷக்கணக்கில் தோளில் கைபோட்டுத் திரிந்த நண்பர்களுக்கு நோய் கொடுத்தவன் என்ற பழி. நடக்கவே தடுமாறிய நிலையிலும் கெரிக் சும்மா விடவில்லை. 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பத்திரிகை மன்னிப்பு வெளியிட்டது.

தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கூடவே படுத்தாலோ ஏ.எல்.எஸ் பரவாது. இதை இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போட முடியாத அதிகாரி

ஆட முடியாது என்றானதும் நிறைய பணம் தரும் வாய்ப்புகள் வந்தன. கெரிக் எடுத்துக்கொண்டது ஓர் அரசு வேலை. சிறையிலிருக்கும் யாரை நிபந்தனையோடு விடுவிக்கலாம் என்று முடிவு செய்யும் நியூயார்க் நகர ஆணையத்தில் உறுப்பினர். மேயர் லகார்டியா நியமித்தார். சம்பளம் வருஷத்துக்கு 5,700 டாலர். ஒரு காலத்தில் அவர் பேஸ்பாலில் வாங்கியதில் சின்னப் பகுதி.

1940 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். ஒவ்வொரு கேஸையும் படித்தார், கைதிகளை நேரில் பார்த்தார். விரல்கள் மடங்காமல் போனபோது கையெழுத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. பிறகு எலினார் அவர் கையைப் பிடித்து நகர்த்தினார். கடைசி மாதம் வரை போய்வந்தார். 1941 ஜூன் 2 இரவு, பிராங்க்ஸ் பகுதியிலிருந்த தன் வீட்டில் இறந்தார். வயது 37. நோய் உறுதியாகி 2 வருஷம்கூட முடியவில்லை. சரியாக 16 வருஷத்துக்கு முன்பு அதே ஜூன் 2 அன்றுதான் யாங்கீஸ் அணியின் முதல் பேஸில் நிரந்தர இடம் பிடித்திருந்தார்.

கணவர் போன பிறகு எலினார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1984-ல் இறக்கும் வரை இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குக் குரல் கொடுத்துவந்தார்.

இன்று வந்திருந்தால் கெரிக்குக்கு என்ன கிடைத்திருக்கும்?

முதலில் கசப்பான உண்மை. ஏ.எல்.எஸ்-ஐ முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் குணம் இல்லை என்பதும் சிகிச்சை இல்லை என்பதும் ஒன்றல்ல.

ரிலுசோல்: 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து. தினம் இரு வேளை மாத்திரை. ஆயுளைச் சராசரியாக 2 முதல் 3 மாதம் நீட்டித்ததாகச் சோதனைகள் காட்டின. கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது தேவை. இந்தியாவிலும் கிடைக்கிறது.

எடரவோன்: ஜப்பானில் 2015-லும் அமெரிக்காவில் 2017-லும் அனுமதி பெற்றது. ஆரம்ப கட்டத்தில் உள்ள சிலருக்கு உடல் செயல்பாடு குறையும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். எல்லோருக்கும் பலன் ஒரே மாதிரி இல்லை.

டோஃபர்சென்: எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும். முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துகிறார்கள். 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் பொருந்தும். ஆனாலும் நோயின் வேரையே குறிவைக்கும் முதல் மருந்து என்பதால் இது பெரிய அடி.

மருந்துகளைவிட அதிகம் உதவுவது பராமரிப்பு என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். முகத்தில் மாஸ்க் மாட்டி மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் இயந்திரத்தை 2006-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சோதித்துப் பார்த்தது. பேச்சு, விழுங்கும் தசைகள் மிக மோசமாகாத நோயாளிகளுக்கு ஆயுள் சுமார் 7 மாதம் கூடியது. ரிலுசோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தூக்கமும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டன. கெரிக் காலத்தில் ஆளையே உள்ளே படுக்கவைக்கும் இரும்பு நுரையீரல்தான் இருந்தது, அதுவும் போலியோ நோயாளிகளுக்கு.

சாப்பாடு: விழுங்கச் சிரமமானால் கெட்டியான, மசித்த உணவு. எடை குறைய ஆரம்பித்தால் வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் உணவுக் குழாய். மூச்சுத் திறன் ரொம்பக் குறைவதற்கு முன்பே இதைச் செய்துகொள்வது பாதுகாப்பு.

உடல்: மெதுவான பிசியோதெரபி, பாதத்தைத் தாங்கும் பிடிமானம், விறைப்புக்கும் எச்சில் தேக்கத்துக்கும் அடக்க முடியாத அழுகை-சிரிப்புக்கும் தனித்தனி மருந்துகள்.

பேச்சு: குரல் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்துவைத்தால், பிறகு கம்ப்யூட்டர் அதே குரலில் பேசும். கை அசையாவிட்டாலும் கண் அசைவை வைத்து டைப் செய்யும் கருவிகள் வந்துவிட்டன.

நரம்பியல், நுரையீரல், பிசியோ, பேச்சுப் பயிற்சி, உணவியல், மனநலம் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் குழு கிடைத்தால் நோயாளிகள் நன்றாகவும் கூடுதல் காலமும் வாழ்கிறார்கள். பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் ஓய்வும் மனத்துணையும் வேண்டும். எலினார் மாதிரி ஒருவரே எல்லாம் சுமப்பது சாதாரண விஷயமில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்கள் நிறைய. ஏ.எல்.எஸ்-க்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையான ஆய்வுச் சோதனையில் சேர்வதற்கு நோயாளியிடம் பெரிய தொகை வசூலிக்க மாட்டார்கள். நம்பிக்கை தந்த மருந்தும் தோற்கலாம். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மருந்து, பெரிய ஆய்வில் பலன் காட்டாததால் 2024-ல் திரும்பப் பெறப்பட்டது.

2014-ல் உலகம் முழுக்க தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஐஸ் பக்கெட் சவால் ஏ.எல்.எஸ்-க்காகத்தான். அமெரிக்காவில் மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வுகளில் ஒன்று, நோயோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவை 2016-ல் அடையாளம் கண்டது.

2021 முதல் ஒவ்வொரு ஜூன் 2 அன்றும் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் லூ கெரிக் தினம் கடைப்பிடிக்கிறார்கள். வீரர்கள் சட்டையில் 4 என்ற எண் தெரியும்.

கெரிக்கின் உடம்பு 1938-லேயே சொல்ல ஆரம்பித்துவிட்டது. சொல்லும் உடம்பை அடக்கி ஓடவைத்தே பழகியவர் அவர். 2,130 ஆட்டங்கள் ஆடிய மனுஷன் எடுத்த மிகக் கடினமான முடிவு, 2,131-வது ஆட்டத்தில் உட்கார்ந்ததுதான். தடுக்கும் காலையும் நழுவும் பட்டனையும் வேலை பிசி என்று தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரிடம் காட்டுவது அதைவிட ரொம்பச் சுலபம்.